அபய தானமும் ஔடத தானமும்





இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்கள் நான்கு என்று நம் பெரியோர் வகுத்துள்ளனர். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்பன அவை. பசித்தவர்க்கு உணவும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அறிய விழைவார்க்கு நூலும், அஞ்சி நடுங்கும் உயிர்க்கு அடைக்கலமும் அளித்தல் என்பது இவற்றின் பொருள். இளமையில் என் பாட்டியார் ஒவ்வொரு விரலாக மடக்கி இந்நான்கையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான்கும் ஒரே கையின் விரல்கள். ஆதலால் ஒன்றுக்கொன்று பகையாகா என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

முதுமையில், நாள்தோறும் காலையில் உட்கொள்ளும் இதய மாத்திரையைக் கையில் வைத்திருந்தபோது ஒரு நாள் ஐயம் பிறந்தது. இம்மருந்து எனக்கு வந்து சேருமுன் எத்தனை வாயில்லா உயிர்கள் இதனை விழுங்க நேர்ந்திருக்கும்? எனக்கு ஔடத தானம் கிடைக்கும்பொருட்டு வேறோர் உயிரின் அபயம் பறிக்கப்பட்டதன்றோ? இரண்டு விரல்கள் ஒன்றையொன்று முறிக்கின்றனவே என்று மனம் வருந்தியது. அவ்வருத்தத்திற்கு இக்கால விஞ்ஞானம் ஓரளவு மருந்து கண்டிருக்கிறது. அதனை நம் சமயக் கண்கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு தவளையின் இதயம்

முதலில் என் குற்றத்தைக் கூறிவிடுகிறேன். ஆசிரியப் பயிற்சியில் சேருமுன், புகுமுக வகுப்பில் படித்த காலத்தில், தவளையை அறுக்கும் செய்முறைப் பாடம் இருந்தது. சமணக் குடும்பத்துப் பெண் என்று சொல்லி விலக்குப் பெற எனக்குத் துணிவு வரவில்லை. மெழுகுத் தட்டில் மல்லாத்தி ஊசி குத்தப்பட்ட தவளையின் மார்பைத் திறந்தேன். அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. உப்பு நீர் விட்டு, நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி ஏட்டில் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, இராசகிருக நகரத்துத் தவளையின் கதையை என் மாணவியர்க்குச் சொல்ல நேர்ந்தது. மகாவீரர் சமவசரணத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டு, ஒரு தாமரையிதழை வாயில் கவ்விக்கொண்டு வழிபடப் புறப்பட்டது ஒரு தவளை. சிரேணிக மன்னனின் யானைக் காலில் அகப்பட்டு வழியிலேயே மடிந்தது. ஆயினும், பூசிக்க வேண்டும் என்னும் தூய எண்ணத்துடன் உயிர் நீத்ததால் தேவகதி எய்தியது. கதையைச் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. என் தட்டில் கிடந்த தவளைக்கும் ஒரு தாமரையிதழ் இருந்திருக்குமோ என்ற நினைவு தொண்டையை அடைத்தது. அன்று முதல் பிரதிக்கிரமணம் செய்யும்போதெல்லாம் அவ்வுயிரிடம் மன்னிப்பு வேண்டி வருகிறேன்.

மருந்து இதயத்தைத் தாக்குவது எங்ஙனம்?

விலங்குகளின் மீது மருந்தைச் சோதிப்போர் அனைவரும் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது, அது உண்மையன்று. அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வாமைத் தும்மலுக்குத் தரப்பட்ட டெர்பெனடின் என்னும் மருந்து சிலருடைய இதயத் தாளத்தைக் குலைத்து உயிரையே பறித்தது. 1998இல் அமெரிக்காவில் அது விலக்கப்பட்டது. இரைப்பைக் கோளாறுக்குத் தரப்பட்ட சிசாபிரைடு என்னும் மருந்தும் அத்தகையதே. நம் நாட்டில் அதனை 2011இல் தடை செய்தனர். தும்மலுக்கும் வயிற்றுக்கும் உட்கொண்ட மருந்து இதயத்தை நிறுத்துவது எவ்வாறு?

இதயத் தசையின் ஒவ்வோர் அணுவிலும் மின்னூட்டத் துகள்கள் புகவும் வெளியேறவும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஒரு துடிப்பு முடிந்ததும் பொட்டாசியம் வெளியேறினால்தான் அணு இளைப்பாறி அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். சில மருந்துகள் அவ்வாயிலை அடைத்து விடுகின்றன. இளைப்பாறும் நேரம் நீள்கிறது, தாளம் பிறழ்கிறது. எனவே 2005 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டு நெறிமுறைகளின்படி, புதிய மருந்தொன்றை மனிதர்க்குத் தருமுன் இவ்வாயில்களைக் குறித்த ஆய்வும், நாய், குரங்கு போன்ற விலங்குகளின் இதயத் தாள ஆய்வும் செய்யப்பட்டு வந்தன.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. சுண்டெலியின் இதயமோ 500 முதல் 600 முறை வரை துடிக்கிறது. அத்தனை விரைவாக இளைப்பாறுதற்கு அது பயன்படுத்தும் வாயில்கள் வேறு. ஆகவே மனித இதயத்தைக் கெடுக்கும் மருந்து எலியைக் கெடுக்காமல் விடலாம். எலியைக் கெடுப்பது மனிதர்க்கு நன்மையே செய்யலாம். உயிர்க்கொலையும் நேர்ந்து, உண்மையும் கிட்டாமற் போவது இரட்டை இழப்பன்றோ?

குச்சியும் பந்தலும்

நான் வாழும் காமயகவுண்டன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விளையும் ஊர்களுள் ஒன்று. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் இம்மண்ணில் திராட்சைக் கொடியை விதையிட்டு வளர்ப்பதில்லை. முற்றிய கொடியிலிருந்து ஒரு குச்சியை வெட்டி நடுவர். தண்டாக இருந்த அக்குச்சி வேர் விட்டு, இலை விட்டு, முழுக்கொடியாகும். தண்டுக்குள்ளே கொடி முழுவதற்குமான ஆற்றல் உறங்கிக் கிடக்கிறது என்பது பொருள்.

மனித உடலிலும் இத்தகைய ஆற்றலை எழுப்பலாம் என்று காட்டியவர் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா. 2006இல் எலியின் அணுக்களிலும், 2007இல் மனிதரின் தோலணுக்களிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்து முதிர்ந்த அணுவை மீண்டும் குருத்து நிலைக்குக் கொண்டுவந்தார். இதனையே தூண்டப்பட்ட குருத்தணு, அதாவது ஸ்டெம் செல் என்பர். 2012இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கருவைச் சிதைத்துக் குருத்தணு எடுக்கும் முறை முன்னரே இருந்தது. அது நம் அறத்திற்கு ஒவ்வாதது. யமனாக்காவின் முறையில் கருவுக்கு ஊறு இல்லை. ஒருவர் மனமுவந்து அளிக்கும் சிறிதளவு குருதியோ தோலோ போதும்.

அக்குருத்தணுக்களுக்கு உரிய வேதிப்பொருள்களை உரிய நாளில் ஊட்டினால் இதயத் தசையணுக்களாக மாறுகின்றன. ஏறத்தாழ பத்து நாள்களில், கண்ணாடித் தட்டில், எவரும் ஏவாமலே அவை துடிக்கத் தொடங்குகின்றன! எனினும் தட்டில் பரவிய அணுக்கள் தரையில் படர்ந்த கொடி போன்றவை, ஒழுங்கின்றிக் கிடக்கும். கொடிக்குப் பந்தல் வேண்டுமன்றோ? ஜெர்மானிய அறிஞர் தாமஸ் எஷன்ஹாகனும் அவர் குழுவினரும் 1990களிலேயே கோழிக் கருவின் இதய அணுக்களைக் கொண்டு அத்தகைய பந்தலமைத்தனர். இன்று மனித அணுக்களை மென்கூழில் கலந்து, வளையக்கூடிய இரு சிறு சிலிக்கோன் தூண்களுக்கிடையே வார்க்கின்றனர். அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து, சில மில்லிமீட்டர் நீளமுள்ள தசைநாடாவாகின்றன. நாடா சுருங்கும்போதெல்லாம் தூண்கள் வளைகின்றன. எவ்வளவு வளைந்தன, எத்துணை விரைவில் நிமிர்ந்தன என்பதைப் படக்கருவி கண்டு கணக்கிடுகிறது. புதிய மருந்தின் ஒரு துளியை அதன் மேல் இட்டால், தாளம் பிறழ்வதும் வலுக் குறைவதும் உடனே புலப்படும்.

இது வெறும் கற்பனையன்று. 2018இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், 10 ஆய்வுக்கூடங்களில் 28 மருந்துகள் குருத்தணுவழி வந்த இதய அணுக்களின் மீது சோதிக்கப்பட்டன. தாளத்தைக் கெடுக்கும் மருந்துகளை இம்முறையால் நம்பகமாக இனங்காணலாம் என்று அவ்வாய்வு காட்டியது. மற்றொன்று நம் மகளிர்க்கு மிகவும் வேண்டியது. மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து சிலருடைய இதயத்தை நலிவிக்கும். சிலரை ஒன்றும் செய்யாது. நோயாளியர் பலரின் அணுக்களிலிருந்து இதய அணுக்களை உண்டாக்கி 2016இல் ஆய்ந்தபோது, எவருடைய இதயம் நலிந்ததோ அவருடைய அணுக்களே தட்டிலும் மிகுதியாக நலிந்தன. ஒருவருக்கு உரிய மருந்தை அவருடைய அணுவிடமே கேட்டறியும் காலம் ஒரு நாள் வரலாம். எந்த நாயும் எந்த எலியும் கூறவியலாத விடை அது.

மண் விலங்கும் மாக்கோழியும்

இனி நம் நூல்களை நோக்குவோம். விலங்குக்கு மாற்றாக வேறொன்றை வைத்தல் நமக்குப் புதிதன்று. நீலகேசிக் காப்பியத்தில், காளி கோயிலுக்குப் பலியிட விலங்குகளைக் கொண்டு வந்த மக்களிடம் முனிச்சந்திர முனிவர் அறம் உரைக்கிறார். உயிருள்ள விலங்கை விடுத்து, மண்ணால் செய்த உருவத்தைப் படைக்குமாறு கூறுகிறார். விலங்குகள் பிழைத்தன. நீலகேசி என்னும் பெருங்கதைக்கே அம்மண் விலங்கு வித்தாயிற்று.

யசோதர காவியத்திலோ இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி. யசோதர மன்னன் தன் தாயின் சொல்லுக்கிணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். உயிர் ஏதும் கொல்லப்படவில்லை. ஆயினும் தாயும் மகனும் நாயும் மயிலுமாகத் தொடங்கிப் பல பிறவிகளில் அல்லலுற்றனர்.

மண் விலங்கும் மாற்று, மாக்கோழியும் மாற்று. ஒன்று அறமாகவும் மற்றொன்று பாவமாகவும் ஆனது ஏன்? முனிவர் கூறிய மண் விலங்கில் விலங்கைக் காக்கும் எண்ணம் இருந்தது. மன்னன் வெட்டிய மாக்கோழியில் கொல்லும் எண்ணம் இருந்தது. வாள் வீழ்ந்தது மாவின் மீது. வெட்டுண்டது அவன் உள்ளத்துக் கருணை. இம்சை என்பது உயிர் பிரிவதால் மட்டும் உண்டாவதன்று. கவனமின்மையாலும் கடும் உணர்வுகளாலும் பிறர் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்று நம் ஆசாரியர்கள் வரையறுத்ததன் உட்பொருள் இதுவே.

இதயத் திசுவையும் இவ்வளவுகோலால் அளக்க வேண்டும். செலவு குறையும், காலம் மிஞ்சும், இலாபம் பெருகும் என்று மட்டும் கருதி ஒருவன் இதனைக் கைக்கொண்டால் நன்மை விளையலாம், அறம் விளையாது. கூட்டில் அடைபட்ட நாயின் கண்களை நினைந்து கைக்கொள்வானாயின், அவன் செய்வது அபய தானம். தன் திருமணத்தன்று, விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பிய நேமிநாதர் காட்டிய வழி அது.

திசுவுக்கு உயிர் உண்டா?

இதனைப் படித்துவிட்டு என் பேத்தி ஒரு வினா எழுப்பினாள்: “துடிக்கிறதே பாட்டி, அதற்கும் உயிர் இருக்காதா? அதற்கு மருந்தூற்றிக் கெடுப்பதும் பாவந்தானே?”

நல்ல வினா. நான் முனிவரும் அல்லேன், பண்டிதையும் அல்லேன். கற்ற அளவில் கூறுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் திருத்துக.

ஐம்பொறிகள், மனம், மொழி, காயம் என்னும் மூவலி, மூச்சு, ஆயுள் எனப் பிராணன்கள் பத்து. நாய்க்கு இப்பத்தும் உண்டு. வலியும் அச்சமும் உண்டு. தன்னை வளர்த்தவரைத் தேடும் அன்பும் உண்டு. திசுநாடாவுக்குக் கண்ணில்லை, செவியில்லை, வலியுணரும் நரம்பில்லை, அஞ்சும் மனமில்லை. அதில் நுண்ணுயிர் அறவே இல்லை என்று சாதிக்க நான் துணியேன். நீரிலும் காற்றிலும் கிழங்கிலும் எண்ணிறந்த உயிர்களைக் காணும் சமயம் நம்முடையது. அதனாலன்றோ இல்லறத்தார்க்குப் பெருவிரதம் விதிக்காமல் அணுவிரதம் விதித்தனர்? இயங்கும் உயிர்களை எண்ணிக் கொல்லாதிருத்தலும், நிலைத்த ஓரறிவுயிர்களுக்கும் தேவைக்கு மேல் ஊறு செய்யாதிருத்தலும் அணுவிரதியின் கடமை. நெல்லை உண்பவர் ஆட்டைக் கொல்பவரோடு ஒப்பாகார். அதுபோல் திசுவைப் பயன்படுத்துவது முற்றும் குற்றமற்றது என்று செருக்குறாமல், ஐயறிவுயிரைக் கொல்வதினும் பன்மடங்கு குறைந்த இம்சை என்று உணர்ந்து, அளவோடும் கவனத்தோடும் கையாளுதலே தக்கது.

“அப்படியானால் அதைக் கொண்டு வீண் சோதனை செய்யக் கூடாது, அப்படித்தானே?” என்றாள். ஆம் என்றேன். மருந்தியல் படிக்கும் பெண் அவள். இவ்வொரு வாக்கியத்தை அவள் மறவாதிருந்தால் நான் ஆசிரியையாக வாழ்ந்ததன் பயன் கிட்டியதாகும்.

மறைந்திருக்கும் இம்சை

உண்மையை முழுதும் கூறுதல் சத்திய விரதம். விலங்கில்லாச் சோதனை என்று கூறப்படும் ஆய்வுக்கூடங்களிலும் விலங்கின் குருதி மறைந்திருப்பதுண்டு. அணுக்களை வளர்க்கும் ஊட்டநீரில் பலகாலமாகக் கலந்து வருவது, வெட்டப்பட்ட சினைப்பசுவின் பிறவாக் கன்றிலிருந்து எடுக்கும் ஊநீர். அணுக்கள் பற்றிக்கொள்ளப் பரப்பும் மேட்ரிஜெல் என்னும் கூழ், எலியின் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்படுவது. வெளியே அகிம்சை, உள்ளே இம்சை என்றால் அது மாக்கோழியைக் காட்டிலும் வஞ்சகமானது. ஊநீர் சேராத ஊட்டநீரும், ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிய புரதப் பரப்புகளும் இன்று கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். ஆயினும் மாற்று இல்லை என்று இனி எவரும் கூறவியலாது.

மற்றொரு குறையும் உண்டு. இவ்விதயத் திசு இன்னும் இளையது. முதிர்ந்தவரின் இதயத்தைக் காட்டிலும் கருவிலுள்ள குழந்தையின் இதயத்தையே ஒத்தது. கல்லீரலும் சிறுநீரகமும் உடன் இல்லாமையால், மருந்து உடலுள் மாறிச் செயற்படுவதை அது ஒன்றே காட்டிவிடாது. ஆகவே விலங்குச் சோதனை நாளையே முடிந்துவிடும் என்று நான் கூறேன். ஒரு நோக்கை முழுமை என்று கொள்ளலாகாது என்பதே அநேகாந்தம்.

நம் நாட்டின் முயற்சிகள்

எங்கள் ஊரில் காந்தியடிகளுக்கு ஒரு கோயில் உண்டு. விடுதலைப் போரில் ஈடுபட்டோர் பலர் வாழ்ந்த ஊர் இது. உயிருள்ள விலங்கை அறுத்துச் சோதிப்பதைக் காந்தியடிகள் கடுமையாக வெறுத்தார். அவருடைய அறச்சிந்தனையை உருவாக்கியோருள் ஒருவர் நம் சமயத்தவரான ராஜசந்திரர் என்பதை நாம் பெருமிதத்தோடு நினைக்கலாம். அவ்வடிகளின் பெயர் தாங்கி, விலங்குச் சோதனைக்கு மாற்றுகளை ஆயும் மகாத்மா காந்தி டோரன்காம்ப் மையம் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் தோன்றியது.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாகவே விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. சென்னை புளூ கிராஸ் அமைப்பினர், தவளையை அறுக்காமல் கணினித் திரையிலேயே கற்கும் மென்பொருளை உருவாக்கினர். விலங்கியல் பாடங்களில் விலங்குகளை அறுப்பதை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் பணித்தது. இவையெல்லாம் என் காலத்தில் இருந்திருந்தால் அந்தத் தவளை பிழைத்திருக்கும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையோடு 2005இல் குருத்தணு ஆய்வு மையம் நிறுவப்பட்டது. தூண்டப்பட்ட குருத்தணு ஆய்வுகள் அங்கு நடைபெறுகின்றன. ஹைதராபாத்தில் மனித அணுக்களைக் கொண்ட சோதனை முறைகளை வளர்க்கவென்றே ஒரு மையம் இயங்கியுள்ளது. இவற்றுக்கெல்லாம் முடி வைத்தாற்போல, மார்ச் 2023இல் மத்திய அரசு புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனித அணு சார்ந்த முறைகளையும் ஏற்கலாம் என்று அறிவித்தது. அமெரிக்காவிலும் டிசம்பர் 2022இல் இத்தகைய சட்டம் நிறைவேறியது. விலங்கில் சோதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. கூட்டின் தாழ் திறந்துள்ளது; கதவைத் தள்ளுவதற்குக் கைகள் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, மருத்துவர் தந்த மருந்தை இவ்வுரையைப் படித்துவிட்டு எவரும் நிறுத்தலாகாது. நம் உடலும் அறத்திற்குரிய கருவியே. அதனைக் கவனமின்றி அழிய விடுவதும் இம்சையாம். மருந்தை உட்கொள்ளுமுன், அதற்காகத் துன்புற்ற உயிர்களை நினைந்து ஒரு முறை ணமோகாரம் ஓதுவோம். தேவையற்ற மருந்தை வாங்காதிருப்போம்.

இரண்டாவது, மருத்துவம், மருந்தியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் துணிவூட்டுவோம். “இதற்கு மாற்று முறை உண்டா? ஊட்டநீரில் கன்றின் ஊநீர் உள்ளதா?” என்று பணிவோடு வினவும் மாணவன் ஒருவன் ஓர் ஆய்வுக்கூடத்தையே மாற்றக்கூடும். அன்று நான் வினவவில்லை. அவ்வூமைத்தனத்தின் கனத்தை ஐம்பதாண்டுகளுக்கு மேலாகச் சுமக்கிறேன். நம் பிள்ளைகள் அதனைச் சுமக்க வேண்டா.

மூன்றாவது, நேர்மையான ஆய்வு நிலையம் ஒன்று முறைப்படி விளக்கி இசைவு கேட்டால், ஆய்வுக்காகச் சிறிது குருதி அளிக்க அஞ்சாதிருப்போம். பிறருக்கு மருந்தும், விலங்குகளுக்கு அடைக்கலமும் ஒரே துளியில் அளிக்கும் தானம் அது.

நான்காவது, மகாவீரர் செயந்தி நாளில் அன்னதானத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கினை, மாற்று முறைகளைப் பயிலும் ஏழை மாணவர்க்கு ஒதுக்கலாம். சாத்திர தானம், ஔடத தானம், அபய தானம் மூன்றும் அதில் அடங்கும்.

எங்கள் ஊருக்கு அண்மையில் உத்தமபாளையத்தில் ஒரு பாறை உண்டு. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக அதில் செதுக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வுருவங்களின் அருகே அச்சணந்தி முனிவரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. பணி நிமித்தம் வட மாவட்டத்திலிருந்து இப்பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்த எனக்கு, சுற்றிலும் நம்மவர் எவரும் இல்லாத ஊரில் அப்பாறையே சினாலயமாக இருந்தது. அங்கு நின்று மார்பில் கைவைத்தால் என் இதயம் துடிப்பது தெரியும். என்னுள் துடிப்பது, அன்று மெழுகுத் தட்டில் துடித்தது, கூண்டிலுள்ள நாயின் நெஞ்சில் துடிப்பது, யாவும் வாழ விரும்பும் துடிப்பே.

பாட்டியார் மடக்கிய நான்கு விரல்களும் மீண்டும் ஒரு கையாகச் சேரும் வழி பிறந்திருக்கிறது. அக்கை அஞ்சிய உயிர்களை நோக்கி நீளட்டும்.

அறம் வளர்க! அருள் பெருகுக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!